டேப்பில் இருக்கும் என் அலறல்

எழுபதுகளின் தொடக்கத்தில், வாலாஜாபாத்தைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருந்த போலீஸ் அவுட்போஸ்ட்டில் நான் ஒற்றைக் கான்ஸ்டபிள். காஞ்சிபுரத்துத் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவனுக்கு அங்கே பேச்சுத் துணைக்கு ஓர் ஆடுகூடக் கிடையாது. நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்வேன். சில நாள் பதில் பிடிக்காமல் சண்டையும் வரும்.

ஒரு நாள் ஜீப்பில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். ஆற்றுப் பறவைகளின் குரலை டேப்பில் பதிவு செய்ய வேண்டுமாம். சந்தோஷத்தில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாயைத் திறந்தேன்.

"கொஞ்ச நேரம் பேசாம இருப்பா. மைக்ல விழுந்துடும்" என்றார் அவர்களின் தலைவர்.

மாதக்கணக்கில் வேறு ஆளோடு பேசாதவனிடம் சொல்கிற பேச்சா இது! வாயைப் பொத்திக்கொண்டு நாணல் ஓரம் உட்கார்ந்தேன். பறவை கூவத் தொடங்கியது. அதே நேரம் என் காலில் வழவழவென்று ஏதோ ஊர்ந்தது.

"ஐயோ, பாம்பு! செத்தேன்!"

பறவைகள் மொத்தமும் பறந்துவிட்டன. ஊர்ந்தது, தலைவர் இழுத்த மைக் ஒயர்.

திட்டு விழும் என்று எழுந்து நின்றேன். அவரோ டேப்பைத் திருப்பி ஓட்டினார். என் அலறல் கேட்டது. நால்வரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"அழிச்சிடட்டுமா?" என்றார்.

"வேணாம் சார். இங்க ஒருத்தன் இருந்துக்கினு இருக்கான்னு யாருக்காவது தெரியட்டும்."

ஜீப் போனதும் அவுட்போஸ்ட் முன்னைவிடக் காலியாகிவிட்டது. பயந்து கத்தினால் சிரிக்கவாவது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.