‘நல்லாயிருக்கு’ என்று லேசில் சொல்லாதவள்

மெர்லிமாவ் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது என் தோழியின் மகன் குமரனிடமிருந்து அழைப்பு வந்தது. “அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி” என்றான். மீன்காரர் பையை நீட்டியபடி நின்றிருக்க வேண்டும். அதை வாங்காமலே வந்துவிட்டேன் என்பது வீட்டை அடைந்த பிறகுதான் தெரிந்தது.

தனலெட்சுமியை, நம்முடைய தனத்தை, பெம்பானில் தையல் கடை வைத்திருந்தவளாக உங்களில் பலர் அறிவீர்கள். ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டே கடையில் ஓடும் பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்வாள். அவளிடம் துணி தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோருமே ஏதாவதொரு பாட்டுக்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். இருந்தும் வேறு கடைக்கு யாரும் போகவில்லை.

இளவயதில் நாங்கள் இருவரும் மலாக்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தோம். அஸ்லினா என்ற மலாய்த் தோழி பங்க் ராக் பாட்டுக் கேசட் ஒன்றைக் கொடுத்தாள். தொழிற்சாலை பஸ்ஸில் இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம். எனக்குத் தகர டப்பாவை உருட்டியதுபோல் இருந்தது. தனம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “இவனுக்குப் பாடவே தெரியலலா. ஆனா சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு, அத அடக்க முடியாம கத்துறான்.” அதற்குப் பிறகு இனிமையான குரல்களை அவள் சந்தேகத்தோடுதான் கேட்டாள். நெஞ்சில் ஏதோ ஒரு குழுவின் பெயர் போட்ட கறுப்புச் சட்டையோடு கோயிலுக்கும் வருவாள். அர்ச்சகரே அதற்குப் பழகிவிட்டார்.

ஹிப் ஹாப் என்றால் அவளுக்கு உயிர். அதனால்தான் அதில் கோபமும் அதிகம். “ராப்புங்கறது சாட்சி சொல்ற மாதிரி. பாக்காததப் பாத்தேன்னு சொல்லக்கூடாது” என்பாள். இரவல் காரின்மேல் சாய்ந்துகொண்டு பணக்காரனாகப் பாடுகிறவனையும், தன்னை விட்டுப் போன பெண்ணை ஊரறியத் திட்டிப் பாடுகிறவனையும் அவள் கடைக்குள் விட்டதில்லை. வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் பாட்டை நிறுத்திவிடுவாள்.

ஆனால் சினிமாக் குத்துப்பாட்டையோ பாப் பாட்டையோ யாராவது மட்டம் தட்டினால் அதற்கும் சண்டைக்கு வருவாள். ஒரு கல்யாண விருந்தில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர், இதெல்லாம் பாட்டா என்று எங்கள் மேசையில் அலுத்துக்கொண்டார். “அங்க பாருங்க பெரியப்பா, மொகங்குடுத்துப் பேசாத மாமியாரும் மருமகளும் ஒண்ணா ஆடறாங்க. வேற எந்தப் பாட்டு இத செஞ்சிருக்கு?” என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவே எழுந்து ஆடப் போனார். தனம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இனிப் பார்க்க முடியாது என்பதை எழுதவே மனம் கூசுகிறது.

இப்படிப்பட்டவளுக்கு மகனே ராப் பாட வந்தான். குமரன் தமான் குடியிருப்பு வீட்டில் பிறந்து வளர்ந்தவன். ரப்பர்த் தோட்டத்தைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தவன். கொட்டும் மழையில் பால்மரம் வெட்டி, பட்டையைச் சீவிப் பாலெடுத்துத் தன்னை வளர்த்த தாயைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டி வெளியிட்டான். கைப்பேசிக்குக் கைப்பேசி அது பறந்தது. கோயிலில் பெண்கள் தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவளுக்கோ முகம் இறுகிப்போயிற்று. அன்று மாலை, நான் இருக்கும்போதே மகனிடம் சொன்னாள்:

“நான் மரமே வெட்டினதில்ல. எங்கம்மாதான் வெட்டினாங்க. மழ பேஞ்சா ஏதுடா வெட்டு? பட்ட நனைஞ்சா பால் கப்புல எறங்காது, வெளிய வழிஞ்சி ஓடிரும். தோட்டத்துல எந்தப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்.”

ஊரே அழுகிறது, உனக்கு மட்டும்தான் குறை தெரிகிறது என்று குமரன் கத்தினான். பிறகு கிளேபாங்கில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனவன், வீட்டுப் பக்கமே வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. ஒரு வார்த்தை பாராட்டிவிடு, பிள்ளை ஓடி வந்துவிடுவான் என்று அவளிடம் சொல்லாதவர்கள் இல்லை. நானும் கெஞ்சினேன். “தெரியும்லா. ஒரு வார்த்த சொன்னா வந்துருவான். ஆனா பாட்டு நல்லாயில்லயே” என்றாள். சொல்லும்போது அவள் கண்கள் நிறைந்திருந்தன. தையல் இயந்திரத்தை மட்டும் நிறுத்தவில்லை.

சிறுநீரகம் கெட்டுப்போய் அவள் மருத்துவமனையில் படுத்தபோது நான்தான் குமரனை அழைத்தேன். வந்து கட்டிலருகில் நின்றான். வார்டில் இருந்த நாங்கள் எல்லோரும், இப்போதாவது அவள் அந்த வார்த்தையைச் சொல்லிவிடமாட்டாளா என்று காத்திருந்தோம். தனம் அவனைப் பாடச் சொன்னாள். இசை எதுவும் இல்லாமல், தாழ்ந்த குரலில், அதே பாட்டைப் பாடினான். கேட்டு முடித்தவள், குரல் நல்லாத் தேறியிருக்கிறது, அந்த மழை மட்டும் இன்னும் பொய்தான் என்றாள். ஆனால் குமரன் இந்த முறை கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அப்ப மழ நாள்ல என்னாம்மா செய்வீங்க?” என்று கேட்டான். அவன் அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“மழ பேஞ்சா எங்கம்மா வீட்ல இருப்பாங்க. எங்களுக்கு அதுதான் திருநாளு. ஆனா அன்னைக்குச் சம்பளம் கெடையாது. நாங்க மழ வரணும்னு வேண்டிக்குவோம், எங்கம்மா நிக்கணும்னு வேண்டிக்குவாங்க. ரெண்டு பேரும் ஒரே சாமிகிட்ட.”

குமரன் அவள் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவள் சொல்லச் சொல்ல வரிகளை மாற்றிக்கொண்டே இருந்தான். பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த இருவரா என்று நர்ஸ்கள் கேட்கும் அளவுக்கு இருவரும் ஒரு வார்த்தைக்காக மணிக்கணக்கில் வாதாடினார்கள். பாட்டு முடிவதற்கு முன் தனம் முடிந்துபோனாள்.

கருமாதி அன்று, படையல் எடுத்தபின், குமரன் முழுப் பாட்டையும் பாடிக் காட்டினான். மழை இருந்தது, சம்பளமில்லாத நாள் இருந்தது, ஒரே சாமியிடம் போன இரண்டு வேண்டுதல்களும் இருந்தன. கடைசியில், சிரித்த முகத்தோடு அம்மா கண் மூடினாள் என்று அவனாகச் சேர்த்திருந்தான். அழாதவர்கள் இல்லை. எல்லோரும் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். “எல்லாரும் நல்லாயிருக்குன்னுதான் சொல்றாங்க ஆன்ட்டி. இனிமே பொய்யுன்னு சொல்ல எனக்கு யாரு இருக்கா?” என்றான்.

தாயை இழந்து நிற்கும் பிள்ளையிடம் இதைக் கேட்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு, “அம்மா சிரிச்சாங்களா குமரா?” என்று கேட்டேன்.

“இல்ல ஆன்ட்டி. தண்ணி கேட்டாங்க. நெறைய குடுக்கக்கூடாதுன்னு டாக்டருங்க சொல்லியிருந்தாங்க. நான் கொஞ்ச நேரம் ஆகட்டும்மான்னு சொன்னேன். அதுக்குள்ள…” என்று நிறுத்தினான். இதை யாரிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை. அவனை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அந்தத் தண்ணீரால் அவள் போகவில்லை, அது இல்லாததாலும் போகவில்லை என்று எனக்குத் தெரிந்தவரையில் சொன்னேன். அழுது முடித்துவிட்டு, அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுகிறேன் என்றான்.

தனத்தின் கேசட்டுகளைக் குமரன் வைத்துக்கொண்டான், கறுப்புச் சட்டையை அவள் தங்கை எடுத்துக்கொண்டாள். எனக்கென்று அவள் விட்டுப்போனது, அன்பு வைத்த ஒருவரிடம் ‘இது உண்மையா?’ என்று கேட்கும் வேலை. அது இவ்வளவு வலிக்கும் என்று அவள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.