பின்வரிசையில் நின்ற அக்கா

என் அக்கா புருஷன் போட்டோகிராபர். அவர் எடுத்த படத்தில் முன்னால் இருக்கிற முகம் பளிச்சென்று தெரியும், பின்னால் உள்ளதெல்லாம் கரைந்துபோய்விடும். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துவாரத்தை, அதாவது அபர்ச்சரை, முழுசாகத் திறந்துவைத்தால் அப்படித்தான். ஒரு சாண் ஆழத்துக்குத்தான் துல்லியம், அதைத் தாண்டினால் மங்கல். வாடிக்கையாளர்கள் சொக்கிப்போனார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுப் படங்களையும் அப்படியே எடுத்துத் தள்ளினார்.

போன வாரம் ஸ்டுடியோவில் திரைச்சீலையை மடித்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அம்மா போட்டோ ஒண்ணு பெருசா போட்டுக் கொடுங்கப்பா. என் ரூம்ல மாட்டணும்" என்று அக்கா மகள் கேட்டாள். மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மகளின் பிறந்தநாள் படத்தில் கேக்கின் பொருக்கு வரைக்கும் தெரிகிறது. பின்னால் தட்டோடு நிற்கிற அக்காவுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. புதுவீட்டுப் படம், கடற்கரைப் படம், எதிலும் அவள் ஓரடி பின்னால்தான். அபர்ச்சரைக் கொஞ்சம் சுருக்கியிருந்தால் பின்வரிசையும் தெளிவாக விழுந்திருக்கும். இந்த மனுஷனுக்கு அது தெரியாதா என்ன?

"ஷார்ப் பண்ணிப் பாருங்க மாமா."

பண்ணினார். புருவத்தோரம் கறுத்தது, கன்னமெல்லாம் மணல் மணலாகப் புள்ளி எழும்பியது. திரையிலிருந்து யாரோ ஒரு பெண்பிள்ளை எங்களை முறைத்தாள். ஃபோகஸிலேயே விழாத முகத்தில் கூர்மையாக்க என்ன இருக்கிறது?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊரான் வீட்டுப் பொண்ணுக்கெல்லாம் இமைமுடியை எண்ணுற மாதிரி எடுத்தீங்க. எங்கக்காவுக்கு ஒரு முகம் கொடுக்க முடியலையா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவளைத்தான் மாப்ள அதிகமா எடுத்திருக்கேன். கஸ்டமர் வர்றதுக்கு முன்னாடி அவளை அவங்க இடத்துல நிக்க வெச்சு, கண்ணுல ஃபோகஸ் வெச்சு, லைட் சரியா விழுதான்னு ஒண்ணு எடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொண்ணும் அவ்வளவு தெளிவா இருக்கும்."

"அதெல்லாம் எங்க?"

"கஸ்டமர் வந்து உட்கார்ந்ததும் அழிச்சிடுவேன். கேமரா மெமரி கார்டுல இடம் வேணுமே."

சொல்லும்போது குரலில் கூச்சம்கூட இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மவுஸ் மேலிருந்த கை அசையவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை.

மகள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னாள்: "அம்மாவோட அடையாள அட்டையில ஒண்ணு இருக்கு மாமா. ஏதோ ஆபீஸ்ல யாரோ எடுத்தது. அது போதும். வேற கடையில கொடுத்துப் பெருசு பண்ணிக்கலாம்."