மூலையில் விழுந்த பெயர்

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நடந்தது நடந்ததுதான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். ஒரு ஸ்கேன் சென்டரில் இருபது வருடமாக கம்ப்யூட்டர் பார்க்கிறேன். கரண்ட் வந்தால் ஓடும், வராவிட்டால் நிற்கும். அதற்கு மேல் எதையும் நம்பியதில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

நடந்தது நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில்.

எங்கள் சென்டரின் பின்னறையில் மூன்று பழைய கிராபிக்ஸ் கம்ப்யூட்டர்கள் இருந்தன. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே குடும்பம். ஃபிரிட்ஜ் உயரத்தில் ஒன்று. ஊதா நிறத்தில் ஒன்று. சின்னதாக, நீலமாக ஒன்று. அப்பா, அம்மா, பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம்; கம்ப்யூட்டருக்குள்ளும் அதே பெயர்களைத்தான் பதிந்து வைத்திருந்தோம். ஸ்கேன் மிஷின் தலையைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து அனுப்பும். இவை அந்தத் துண்டுகளை அடுக்கி, ஒரு முழுத் தலையாகத் திரையில் எழுப்பிக் காட்டும். எந்தப் பெட்டி அந்தப் படத்தைச் செய்ததோ, அதன் பெயரும் செய்த நேரமும் படத்தின் மூலையில் பொடி எழுத்தில் தானாக விழும்.

புது மிஷின் பத்து விநாடியில் முடிக்கிற வேலைக்கு இவை நாற்பது நிமிடம் எடுக்கும். அதனால் ஓய்வு கொடுத்து எட்டு வருடம் ஆகிவிட்டது. "பழைய இரும்புக்குப் போட்டுடலாம். அதுக்கு முன்னாடி உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிடுங்க" என்றார் டாக்டர். எங்களிடம் ஒரு விதி உண்டு. எதையும் திறந்து பார்க்காமல் அழிக்கக் கூடாது.

ஞாயிறு. சென்டருக்கு லீவு. நான் மட்டும்.

மதியம் 2:40. பிள்ளையை முதலில் போட்டேன். விசிறி இருமிக்கொண்டே சுற்றியது. திரை வந்தது. தேதியைப் பார்த்தேன். ஏழு மாதம் கழித்து வரப்போகும் ஒரு தேதியில் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே கடிகாரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்தால் தேதி பின்னால் போகும். எத்தனையோ பார்த்திருக்கிறேன். முன்னால் போய் நான் பார்த்ததே இல்லை. அங்கேயே எனக்குச் சுரீர் என்றிருக்க வேண்டும். "என்னடா பிள்ளை, அப்பனை முந்திக்கிட்டுப் போற?" என்று சிரித்தேன். 2:50க்குத் தேதியையும் நேரத்தையும் சரி செய்தேன்.

பட்டியலில் எல்லாம் காலி. ஒரே ஒரு ஸ்கேன் மட்டும் இருந்தது. பெயர் இல்லை. தலை. 118 துண்டுகள். தேதி, அதே ஏழு மாதம் கழித்து. மூன்றாம் தேதி, காலை 11:17.

கடிகாரம் தப்பாக ஓடும்போது எடுத்த ஸ்கேன், வேறென்ன? அப்படித்தான் நினைத்தேன். விதிப்படி 3:05க்குத் திறந்தேன். கழுத்திலிருந்து கோடு கோடாக முகம் மேலே ஏற ஆரம்பித்தது.

3:22. தாடை வந்திருந்தது. போன் அடித்தது. அக்கா.

"சாப்டியாடா?"

"ம். உனக்குத் தலைவலி எப்படி இருக்கு?"

"அது எங்க போகும்? நீ கூடப் பொறந்தவன், அது கூடவே பொறந்தது" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். எனக்காகவே கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, கடைசியில் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டவள். எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

3:38. உதடு. மூக்கு. காது...

இடது காது மடல் இரண்டாகப் பிளந்திருந்தது.

அக்காவுக்கும் இடது காது அப்படித்தான். சின்ன வயதுச் சண்டையில் கம்மலைப் பிடித்து இழுத்துக் கிழித்தவன் நான்.

3:45. முகம் முழுதாக வந்தது. ஸ்கேனில் முடி விழாது. மொட்டைத் தலை. சாம்பல் நிறம். மூடிய கண்கள்.

அக்கா.

அவளுக்குப் போன் போட்டேன்.

"என்ன பண்றே?"

"படுத்திருக்கேன்டா."

திரையில் அந்தத் தலை மெதுவாக இடது பக்கம் திரும்பியது. நான் மவுஸைத் தொடவில்லை.

"அக்கா... இப்பத் திரும்பிப் படுத்தியா?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

விர்ர்ர்... விசிறி வேகமெடுத்தது. பக்கவாட்டில் தலை தானாக வெட்டுப்பட்டது. உள்ளே தெரிந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு... வெள்ளையாக...

வயரைப் பிடுங்கினேன்.

திரை அணைந்தது. 3:52.

அன்றைக்கே மூன்று பெட்டிகளின் டிஸ்க்கையும் கழற்றி, டிரில்லால் துளை போட்டேன். மறுநாள் காலை அக்காவைப் பிடிவாதமாக இழுத்து வந்து புது மிஷினில் ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் இரண்டு முறை பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லைங்க. சுத்தமா இருக்கு."

"தலைக்குள்ள ஒண்ணும் இல்லன்னு இப்பத்தான் உறுதியாச்சா?" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது. பேட்டரி கோளாறு, தூக்கக் கோளாறு, பழைய நோயாளி யாரோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெட்டிகள் மூன்றும் இரும்புக் கடைக்குப் போயின. என் கண் முன்னால்தான் நசுக்கினார்கள்.

அதிலிருந்து ஏழாவது மாதம், இரண்டாம் தேதி ராத்திரி அக்கா வாந்தி எடுத்தாள். விடிந்ததும் எங்கள் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியில் கார் நின்றது. ஒன்பது மணிக்குப் போக வேண்டியவர்கள் பதினொன்றுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். ஸ்கேன் எடுக்கும் பெண் பொத்தானை அழுத்தினாள். நான் நேரத்தைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"118 துண்டு சார். 11:17க்கு ஆரம்பிச்சுது. எழுதிக்கிறீங்களா?"

எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி. வெள்ளையாக. அதே இடம்.

டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா..."

"முன்னாடிதான் வந்தீங்களே? அப்ப இது இல்லையே! இது சில வாரத்துல வளர்றது. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பத்தொன்பது நாள். அக்கா போய்விட்டாள். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத ஒன்றை எதற்காக எனக்குக் காட்டினார்கள்? யார் காட்டினார்கள்? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

காரியம் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, மனசு கேட்காமல் அவளுடைய கடைசி ஸ்கேனைத் திறந்தேன். புது மிஷின் செய்த படம். மொட்டைத் தலை. பிளந்த காது. மூடிய கண்கள்.

மூலையில் பொடி எழுத்து. பெரிதாக்கிப் பார்த்தேன்.

படம் செய்தது: பிள்ளை.

அதன் கீழே நாளும் நேரமும். ஏழு மாதத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மதியம் 3:45.

நேரம் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அன்றைக்கு அந்தக் கடிகாரத்தைச் சரியாக வைத்தவன் நான்தானே.