நெற்றிக்குள் கரைத்து எடுத்தது

என் கணவருக்குக் கருவாட்டு வியாபாரம். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைகளில் வாங்கி, சந்தைக் கடைகளுக்குப் போடுவார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டின் பின்னறையில் நெத்திலியும் சாளையும் எப்போதும் சாக்கு சாக்காய்க் கிடக்கும். வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு ஒன்றும் தோன்றாது. பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் பின்னறைக் கூரை ஒழுகி ஒரு சாக்கு முழுக்க அழுகிப்போனது. அவர் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தவர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, இந்த நாத்தத்துல எப்பிடி இருக்க?"

"என்ன நாத்தம்?"

அவர் கோபப்படவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அடுக்களைக்குப் போய் காப்பித்தூள் டப்பாவைக் கொண்டுவந்து என் மூக்கருகே பிடித்தார். பிறகு மண்ணெண்ணெய். இரண்டும் எனக்கு வெறும் காற்றாகவே இருந்தன. சளியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மறுபடி விடைத்தாளை எடுத்தேன்.

சில மாதங்களில் கரும்பலகையில் நானே எழுதிய எண்கள் எனக்கு மங்கலாயின. கண்ணாடி மாற்றியும் தெளியவில்லை. கண் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நெற்றிக்குப் பின்னால், மூக்குக்கு நேர் மேலே, எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி.

திருவனந்தபுரத்து டாக்டர் தமிழும் மலையாளமும் கலந்து பொறுமையாகச் சொன்னார். கட்டி கண் நரம்பை அழுத்துகிறது. வெட்டி இழுத்தால் நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் ஆபத்து. அதனால் பேனா போன்ற ஒரு கருவியை உள்ளே விடுவார்கள். அதன் நுனி காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரும். கட்டியை நடுவிலிருந்து பொடித்து, தண்ணீரோடு உறிஞ்சிவிடும். மெத்தென்ற கட்டி உடைந்துபோகும். இழுவையான ரத்தக்குழாய் எளிதில் அறுபடாது. உள்ளே காலியானதும் மிச்சமிருக்கும் கட்டியின் தோலை நரம்பிலிருந்து மெல்லப் பிரித்தெடுப்பார்கள்.

"கண்ணு தப்பிக்கும். மணம் திரிச்சு, திரும்பி வராது. அந்த நரம்பு நைஞ்சு போயாச்சு."

"அந்த மெஷினால அதயும் காப்பாத்த முடியாதா சாரே?" என்று என் கணவர் கேட்டார்.

"இருக்கறதத்தான் காப்பாத்த முடியும்."

என் கணவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டு எழுந்தார். வெளியே வந்ததும், "கண்ணு போதும்ட்டி" என்றார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகவா என்று தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது எதிர்ச் சுவரில் இருந்த மலையாள எழுத்துக்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. என் கணவர் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "பாக்கியா, கண்ணு தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் வராந்தாவுக்குப் போனதும் புறங்கையை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்த கைக்கு ஏதாவது ஒரு வாடை இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு மீன்குழம்பில் புளியும் உப்பும் எரிவும் மட்டும் தெரிந்தன. சாளையா சூரையா என்று முள்ளைப் பார்த்துத்தான் சொன்னேன். கொஞ்ச நாளில் சமையலை அவர் ருசி பார்த்துச் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் மனிதரின் வீட்டில் சமைப்பதுபோல இருந்தது.

அவர் வியாபாரத்தை விட்டுவிட்டு ஒரு சிமெண்ட் கடையில் கணக்கெழுதப் போனார். ஏனென்று கேட்டதற்கு, "சரக்கு அழுகினா வீட்டுல இருக்க ஒனக்குத் தெரியாதே" என்றார். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் சிமெண்ட் தூசியோடு வந்து அப்படியே உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அடுப்படியில் நின்றபோது அவர் பின்னால் வந்து தோளைத் தொட்டார். பயந்து கையிலிருந்த மண்சட்டியைப் போட்டுவிட்டேன். கல்யாணமான புதிதில் அவர் வருவது கருவாட்டு வாடையால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். குனிந்து ஓடுகளைப் பொறுக்கினார்.

மறுநாளிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நாந்தான் வாறேன்" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார், யாரோ விருந்தாளிபோல. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தக் குரல் இல்லாமல் அவர் வருவது எனக்குத் தெரியாது.