கதவு தெரியும் கட்டில்

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி" என்றுதான் சக்கர நாற்காலியில் வந்த சுபைதா பேகம் முதலில் சொன்னார். அந்தச் சின்ன வாக்கியத்துக்கு நடுவிலேயே ஒருமுறை மூச்சு வாங்கினார்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் செவிலியர். எனக்கு ஏரலுக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். "ஏலே, நர்ஸம்மா வேலைக்கா படிக்கே?" என்று சிரித்தவர்கள் எல்லாரும் இன்று பிரஷர் பார்க்க என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.

சுபைதா லாத்தா, அவர்கள் பேச்சில் அக்கா, பிறந்தது பத்தமடை, வாழ்க்கைப்பட்டது மேலப்பாளையம். கலியாணமான கையோடு கணவர் தாவூது சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போய்விட்டார். மகள் ஸமீஹா பிறந்தது, மாடி எடுத்துக் கட்டியது, மாமனார் மவுத்தாகி அடக்கமானது எல்லாம் அவர் இல்லாமலே நடந்தன. லாத்தா ஜாக்கெட் தைத்துக்கொண்டே அத்தனையையும் பார்த்துக்கொண்டார். கணவர் லீவில் வரும்போதெல்லாம் கை நிறைய மருதாணி வைத்துக்கொள்வார். வாசல் கதவை லாத்தாதான் திறப்பார், வேறு யாரையும் திறக்க விடமாட்டார்.

இந்த முறை தாவூது லீவில் வரவில்லை. வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருகிறார். மறுநாள் திருவனந்தபுரத்தில் இறங்குகிறார்.

லாத்தாவின் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினேன். எண் எங்கோ கீழே போய்த் துடித்தது, பிறகு வெறும் கோடுதான். விரல்நுனியும் நகமும் கன்னங்கரேலென்று இருந்தன.

"கறுப்பு மருதாணிக் கோன் போட்டிருக்குண்ணா" என்றாள் கூட வந்திருந்த ஸமீஹா.

"பாத்தியளா! கோளாறு உங்க மெஷினுலதான். மாத்திரையத் தந்து அனுப்புங்க. நாளைக்கு அவிய வாராவ" என்றார் லாத்தா.

கிளிப்பைக் கழற்றிவிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன். விரல் நாடியில் இருந்தாலும் என் கண் அவர் தோளில் கிடந்த துப்பட்டியில் இருந்தது. மூச்சை எண்ணப்போகிறோம் என்று சொல்லிவிட்டால் யாரும் இயல்பாக மூச்சு விடுவதில்லை. வீட்டுக்குப் போகத் துடிக்கிறவர் அடக்கியே வைத்துக்கொள்வார். துப்பட்டி நிமிடத்துக்கு முப்பது தடவை ஏறி இறங்கியது; இருபதைத் தாண்டக் கூடாது. கம்மலைக் கழற்றச் சொல்லி, காது மடலுக்கான கிளிப்பைக் கொண்டுவந்து மாட்டினேன். இம்முறை எண் நிலையாக நின்றது. ஆனால் குறைவுதான்.

டாக்டர் வந்து முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்.

லாத்தா என்னைப் பார்த்தார். "நாடி பாக்குதேன்னு கையப் புடிச்சுக்கிட்டு மூச்சயா எண்ணுனிய?"

"ஆமா லாத்தா."

"கள்ளப்பய."

ஊசி ஏற்றும்போது கையை இழுத்துக்கொண்டார். "இதுக்கு மேல பிளாஸ்திரி ஒட்டிராதிய. புள்ள ஆசையா வரைஞ்சது." புறங்கையில் நரம்பு நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் பைய முழங்கைக்குக் கீழே வேறொன்றைத் தேடிப் பிடித்தேன்.

மறுநாள் மத்தியானம் தாவூதின் போன் வந்தது. நாகர்கோவில் தாண்டிவிட்டாராம்.

"தம்பி, கட்டில கதவப் பாக்கத் திருப்ப முடியுமா? கதவத் திறக்கத்தான் குடுத்து வைக்கல. வாரதயாவது நான் மொதல்ல பாக்கணும்லா" என்றார் லாத்தா.

ஆக்சிஜன் குழாய் எட்டுமா என்று பார்த்துக்கொண்டு கட்டிலைத் திருப்பினேன். மூச்சுக்கும் நல்லது என்று தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தேன். லாத்தா மருதாணிக் கைகளைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்துக்கொண்டு கதவையே பார்த்தார்.

மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இப்பவும் மூச்சத்தான எண்ணுதிய?"

"பேசாதிய லாத்தா."

வராந்தாவில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பயணப் பெட்டியாக இருக்கலாம். லாத்தாவின் மூச்சு அப்படியே நின்றது. என் எண்ணிக்கையும் தவறிப்போயிற்று.

வந்தது சாப்பாட்டு வண்டி. அது வாசலைக் கடந்து போனபின் மெல்ல மூச்சை விட்டார். கண்ணைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.