ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த முன்மாதிரி

"எண் 17. பெயர் பொறிக்காத கைபேசி. மேல்பாதியை நகர்த்தினால் அடியிலிருந்து விசைப்பலகை வரும். திரைக்கு மேலே கேமரா. முதுகில் ஒட்டுத்தாள்: முன்மாதிரி, விற்பனைக்கு அல்ல. கிடைத்த நாள்: 2007 அக்டோபர் 28, ஞாயிறு. கிடைத்த இடம்: உத்தமபாளையம். நிலை: ஓடும், அதற்கு மனமிருந்தால்."

என் சேகரிப்பு அட்டைகளில் இந்த ஒன்றில்தான் கையெழுத்து கோணலாக இருக்கிறது. ஓடுகிற ஜீப்பில், மடியில் வைத்து எழுதியது. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று காத்திருக்க முடியவில்லை.

கைபேசி ஒன்று கடைக்கு வருவதற்கு முன் கம்பெனிக்காரர்கள் அதைப் பல தடவை செய்து பார்ப்பார்கள். பொத்தான் மேலே இருந்தால் எப்படி, கீழே இருந்தால் எப்படி, இந்த மூடி பொருந்துகிறதா, அந்தத் திரை தாங்குகிறதா என்று. சோதனை முடிந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அழியாமல் தப்பியவை எப்படியோ வளைகுடாவின் பழைய சாமான் சந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து சென்ட், கம்பளி, பால்பவுடர், டார்ச் லைட்டோடு பெட்டியில் ஏறி உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் வந்து இறங்கின. 2003இல் கம்பத்தில் ஒரு செல் ரிப்பேர் கடைக்காரர், "டீச்சர், இதுக்குப் பேரே இல்ல, நீங்க வச்சுக்கங்க" என்று ஒன்றைக் கொடுத்தார். அதற்குக் கேமராவுக்கென்று ஓட்டை இருந்தது, கேமரா இல்லை. யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, "இதுல கேமரா வைக்கலாமா?" என்று யோசித்ததன் தடம் அது. அந்த ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பித்து.

நான் சின்னமனூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் நடத்துகிறவள். தேதி இல்லாத எதையும் நம்பமாட்டேன். என் கணவர் இந்த விஷயத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இத்தன செல்லு வச்சிருக்கியே, பேசுறதுக்கு எங்கள விட்டா ஆளு இருக்கா?"

ஆள் இருந்தது, பின்லாந்தில். எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. அதில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், எந்தக் கைபேசி எந்தெந்தப் படிகளில் உருவானது என்று ஒரு காலவரிசை வைத்திருந்தார். அதில் ஒரு வரி சேர்வது எங்களுக்கெல்லாம் பட்டமளிப்பு விழா மாதிரி. நகர்த்து விசைப்பலகை கொண்ட அந்தப் பெரிய கைபேசி 2005 ஜூனில் கடைக்கு வந்தது என்றும், அதன் முன்பக்கத்தில் கேமரா வைத்துப் பார்க்கவே இல்லை என்றும் அவர் எழுதியிருந்தார்.

அப்படியிருக்கையில்தான் என்னோடு வேலை பார்க்கும் அறிவியல் ஆசிரியை அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, உத்தமபாளையத்தில் தன் வீட்டில் வைத்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். அவர் கணவர் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தார்.

"எங்க மச்சான் துபாய்லருந்து கொண்டாந்தாக. ஆன் பண்ணா இங்கிலீஷ்ல என்னமோ ஓடுது, அப்புறம் தானா அணைஞ்சு போகுது. அவுகளுக்கே பயம் வந்துருச்சு. நீங்க எடுத்துட்டுப் போங்க டீச்சர், வீட்டுல இருந்தா பிள்ளைக ஒடச்சுப்புடும்."

பிரித்தேன். அதே கைபேசி. முன்பக்கத்தில் கேமரா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். அவர் தன் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், கொடுத்தது சரிதானா என்ற சந்தேகம் தெரிந்தது.

கம்பத்தில் ஜீப் ஏறுவதற்கு முன், பிரவுசிங் சென்டரில் பத்து நிமிடம் உட்கார்ந்து மன்றத்தில் எழுதினேன். பின்லாந்துக்காரர் உடனே பதில் போட்டார்: ரிப்பேர் கடையில் யாராவது ஒட்டுப்போட்ட பொருளாகவும் இருக்கலாம். பதிப்புத் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். நட்சத்திரம், ஹாஷ், நான்கு பூஜ்யம், மறுபடி ஹாஷ் என்று அழுத்தினால் உள்ளே இருக்கும் மென்பொருளின் தேதி வரும். ஜூனுக்கு முந்தைய தேதி என்றால் உங்கள் பொருள் அசல், என் காலவரிசை தப்பு. பிந்தைய தேதி என்றால் அது ஒட்டுவேலை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் பேட்டரியில் உயிர் இல்லை. சார்ஜ் ஏற்ற வேண்டும்.

அன்று நானும் என் கணவரும் கம்பம் மெட்டு மலைப்பாதை ஏறி, அவர் குடும்பத்தின் ஏலத்தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே ஸ்டோரை, அதாவது பச்சைக்காய் உலர்த்தும் கட்டடத்தை, என் கணவரின் தங்கை நிர்வகிக்கிறாள். நாங்கள் போன நேரத்தில் அவள் தொட்டியில் காய் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையை நீட்டினாள்.

"இங்கன கொண்டாங்க மதினி, பாப்போம். இது செல்லா, செங்கலா?"

பேட்டரியை மட்டும் கழற்றி என் கையில் வைத்துக்கொண்டு கைபேசியைக் கொடுத்தேன். அவள் மேல்பாதியை நகர்த்தினாள். விசைப்பலகை துள்ளி வெளியே வந்தது. கைபேசி அவள் விரல்களிலிருந்து வழுக்கி, பச்சைக்காய் மிதந்த தொட்டிக்குள் மெதுவாக மூழ்கியது.

பிறகு அவள்தான் முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்தாள்.

"மூஞ்சிய அப்படி வைக்காதீக மதினி. போன மாசம் அண்ணன் செல்லு ஓடைக்குள்ள விழுந்துச்சுல்ல, காயோட காயா வச்சுத்தான எடுத்தோம்?"

"அது பேரு உள்ள செல்லு. இது உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு" என்றேன்.

"ஒண்ணுன்னா நல்லதாப் போச்சு. தட்டுல தேட வேண்டியதில்ல."

எங்கள் மலையில் நனைந்த எதுவும் ஸ்டோருக்குத்தான் போகும். மழையில் நனைந்த பள்ளிக்கூடப் புத்தகம், குழந்தையின் ஸ்வெட்டர், ரேடியோ, எல்லாம். விறகு எரியும் சூடு குழாய் வழியாக உள்ளே சுற்றும். தட்டு தட்டாகக் காய் அடுக்கியிருக்கும். அடுப்பையும் தட்டுகளையும் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் கைபேசியை வாங்கி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, நடுத்தட்டில் காய்களுக்கு நடுவே படுக்க வைத்தார்.

"மேல் தட்டுன்னா வெந்துரும், கீழ்த் தட்டுன்னா புழுங்கிரும். நாளைக்கு மத்தியானம் வாங்க டீச்சரம்மா. அதுவரைக்கும் கதவத் தொறந்து தொறந்து பாக்கப்படாது. காய் நிறம் மாறிரும்."

மறுநாளைக்குத் தற்செயல் விடுப்புச் சொல்லிவிட்டு, கதவைத் திறக்காமல் இருப்பதற்காகத் தோட்டத்தை இரண்டு சுற்று சுற்றினேன். கணவர் பின்னாலேயே வந்தார். "எனக்கு டைபாய்டு வந்தப்பக் கூட நீ இப்படி நடக்கல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கமும் வந்தது. ஆனால் நடையை நிறுத்தவில்லை.

திங்கள் மதியம் போனபோது நடுத்தட்டு காலி. காய்ந்த காயைக் கம்பி வலையில் போட்டுத் தேய்த்துக் காம்பு உதிர்ப்பது அடுத்த வேலை. ஸ்டோர்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாக்கின் மேல் என் கைபேசி பளபளவென்று கிடந்தது.

"அதுக்கும் முதுகுல என்னமோ ஒட்டியிருந்துச்சும்மா. தேச்சு எடுத்துட்டேன். இப்பத்தான் பார்வையா இருக்கு."

முன்மாதிரி, விற்பனைக்கு அல்ல என்ற ஒட்டுத்தாள், காம்போடு காம்பாகக் குப்பையில் கலந்திருந்தது. என் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். ஸ்டோர்காரர் எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தார்.

பேட்டரியை இதற்குள் கணவரின் கைபேசி சார்ஜர் வயரைச் சீவி எப்படியோ ஏற்றி வைத்திருந்தோம். பொருத்தினேன். பொத்தானை அழுத்தினேன். திரை வெள்ளையாகி, இங்கிலீஷ் வரிகள் ஓடத் தொடங்கின. கைபேசியின் மூச்சிலிருந்தே ஏலக்காய் மணந்தது. நட்சத்திரம், ஹாஷ், நான்கு பூஜ்யம், ஹாஷ்.

"வந்துருச்சு, எடுங்க, எடுங்க" என்று கத்தினேன். கணவர் கேமராவைத் தூக்கினார். திரை தெரிந்தது, ஃபிளாஷ் அடித்தது, திரை அணைந்தது. அதன் பிறகு இன்றுவரை அது எரியவில்லை.

நாங்கள் நால்வரும் கைகோத்துக் குதித்தோம். ஸ்டோர்காரர் கூடக் குதித்தார். அப்புறம்தான் கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். குளிரிலிருந்து ஸ்டோரின் சூட்டுக்குள் கொண்டுவந்ததில் லென்ஸில் ஆவி படிந்திருக்கிறது. நாள் தெரிகிறது. 2005 என்ற ஆண்டு தெரிகிறது. நடுவில் இருக்கும் மாதத்தில் பூஜ்யம் தெரிகிறது. அதற்கு அடுத்த இலக்கத்தின் இடது பாதியை ஆவி தின்றுவிட்டது.

"மூணு" என்றேன்.

"எட்டு" என்றார் கணவர். "நாந்தான படம் பிடிச்சேன்."

"நீங்க கண்ண மூடிட்டுத்தான பிடிச்சீக. மூணுதான் அண்ணே" என்றாள் தங்கை.

ஸ்டோர்காரரைப் பார்த்தோம். "எனக்கு இங்கிலீஷ் எண்ணு தெரியும்மா. ஆனா நான் அடுப்பப் பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

படத்தை அப்படியே பின்லாந்துக்கு அனுப்பினேன். அவர் இரண்டு நாள் கழித்து எழுதினார். அவராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் காலவரிசையில் ஒரு வரி சேர்த்திருந்தார்: முன்பக்கக் கேமராவுடன் ஒரு பிரதி, தென்னிந்தியா, ஏலக்காய் உலர்த்தும் அறையில் சோதிக்கப்பட்டது. கடைசியில் ஒரு கேள்விக்குறி. உலர்த்தும் சூடு எத்தனை டிகிரி என்று தனியாகக் கேட்டிருந்தார். ஸ்டோர்காரரிடம் கேட்டுச் சொன்னேன்: கன்னம் தாங்குகிற அளவு. அந்தப் பதிலைப் படித்துக் காட்டியதிலிருந்து, கணவர் ஒரு வாரம் எல்லோரிடமும் "கன்னம் தாங்குற அளவு" என்றே சொல்லித் திரிந்தார்.

மார்ச் என்றால் கடைக்கு வருவதற்கு முந்தையது, அசல். ஆகஸ்ட் என்றால் ஒட்டுவேலை. நான் பார்த்தது மூன்று. பார்த்தவள் ஆசைப்பட்டவளும்கூட என்பதால், அட்டையில் அதைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். எண் 17இன் மென்பொருள் தேதியில் மாதம் மூன்றா எட்டா என்பது இதை எழுதும் 2010 வரை உறுதி செய்யப்படவில்லை.