கீழ் இறக்கைக்கு ஒரு முட்டு

பிரிட்ஜ்வாட்டரில் அண்ணாவின் வீட்டுக்கு இரண்டு கார் நிற்கும் கராஜ் இருந்தது. ஆனாலும் இரண்டு குளிர்காலமாக அந்த வீட்டுக் கார்கள் வெளியில்தான் நின்றன. உள்ளே ஒரு போர் விமானத்தின் இறக்கைகள் கிடந்தன. பசை காய்வதற்காக அங்கே ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போகும் அண்ணாவின் மனைவி, அக்கா, "எங்கூட்டுல மனுசருக்கு டிரைவ்வே, ஜெர்மன்காரனுக்கு ஹீட்டருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

உறவில்லாவிட்டாலும் நாங்கள் எல்லாரும் அண்ணா, அக்கா என்றே அவர்களைக் கூப்பிட்டோம். அண்ணா கோயம்புத்தூர்க்காரர். மென்பொருள் வேலை, சிறு விமானம் ஓட்டும் உரிமமும் வைத்திருந்தார். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பறக்கவிட்ட இரட்டை இறக்கைப் போர் விமானம் ஒன்றை, பழைய வரைபடத்தின்படி முழு அளவில் கட்டிக்கொண்டிருந்தார். வரும் கோடையில் சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் முன்னால் அவரே அதை ஓட்டப்போகிறார், மேலிருந்து செங்குத்தாய்ப் பாய்ந்து காட்டவும் போகிறார் என்பது ஏற்பாடு. நான் அப்போது பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் இயந்திரப் பொறியியல் முதுகலை முடித்து, மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்திருந்தேன். முறுக்கும்போது மரம் எப்படி உடைகிறது என்பது என் ஆய்வு. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

வரைபடங்களைப் படிக்கப் படிக்க அந்த விமானம் வளர்ந்த கதை எனக்குப் புரிந்தது. முதலில் கட்டியதில் மேல் இறக்கை விமானியின் பார்வையை மறைத்தது. அடுத்ததில் அதைத் தாழ்த்தினார்கள். அதற்கடுத்து, எதிரியின் விமானத்தில் கீழ் இறக்கை குறுகலாக இருப்பதைப் பார்த்து, தாங்களும் அப்படியே வைத்தார்கள். இறக்கையின் நீளத்துக்கு ஓடும் ஸ்பார் என்ற கட்டை இரண்டாக இருந்தது, கீழ் இறக்கையில் ஒன்றாயிற்று. விமானிக்குக் கீழே நன்றாகத் தெரிந்தது, விமானம் வேகமாகவும் மேலேறியது. ஆனால் பாய்ந்து இறங்கும்போது அந்த இறக்கை முறுக்கிக்கொண்டு உடைந்தது. எத்தனையோ இளைஞர்கள் விழுந்த பிறகு, பின்னால் வந்த வடிவத்தில் கீழ் இறக்கையின் முன்விளிம்புக்கு ஒரு சிறு முட்டுக் கொடுத்தார்கள்.

அண்ணா கட்டியது அந்த முட்டு வராத வடிவம்.

எனக்கு அவரிடம் இரண்டு மறுப்புகள் இருந்தன. தொலைக்காட்சியில் நாள் முழுவதும் போர் ஓடிக்கொண்டிருந்த காலம். விமானத்தின் மூக்கின் மேல் அவர் வைக்க நினைத்த இரண்டு மரத் துப்பாக்கிகள் வேண்டாம் என்றேன். இன்னொன்று, முட்டு வேண்டும் என்பது. ஒரே மனிதரிடம் இரண்டுக்கும் பிடிவாதம் பிடித்தால் இரண்டும் போய்விடும் என்று தோன்றியது. துப்பாக்கிகளை விட்டுக்கொடுத்தேன். அது சரிதானா என்று இன்றும் யோசிப்பதுண்டு. ஆனால் துப்பாக்கி மரத்தாலானது, உயிர் அப்படியல்ல.

முட்டு வைத்தால் அது வேறு மாடல் ஆகிவிடும், விஷயம் தெரிந்தவன் பார்த்தவுடன் சிரிப்பான் என்றார் அண்ணா. இறக்கை தாங்குகிறதா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். சோதிக்கும் முறை பழையதுதான்: இறக்கையைக் கவிழ்த்துப் பொருத்தி, காற்று தூக்கும் அளவுக்கு எடை ஏற்ற வேண்டும். மணல் மூட்டைக்குப் பதிலாக, மான்மவுத் ஜங்ஷனிலிருந்து வந்திருந்த குடும்பங்கள் வீட்டில் இருந்த அரிசிப் பைகளையெல்லாம் கொண்டுவந்தார்கள். முன்விளிம்பின் பக்கம் வைத்த பைகள் மட்டும் நழுவி நழுவி விழுந்தன. ஒன்று கிழிந்து அரிசி தரையில் சிதறியது. அக்கா சத்தம் போட்டார். உடனே எல்லாரும் பைகளை எடுத்து, ஆடாமல் நின்ற ஸ்பாரின் மேல் வரிசையாக அடுக்கினார்கள். இறக்கை அசையவில்லை. கைதட்டினார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம்.

தட்டோடு கராஜுக்குத் திரும்பி வந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பை ஏன் நழுவியது? முன்விளிம்பு சரிந்ததால்தானே? இறக்கை தன் குறையைச் சொன்னது. நாங்கள் அரிசி வீணாகாமல் பார்த்துக்கொண்டோம்.

மறுபடியும் சோதிக்க வேண்டும் என்றேன். அண்ணா சிரித்தார்.

"அம்மிணி, பாஸான பையனுக்கு யாராச்சும் மறுக்கா பரீட்சை வெப்பாங்களா?"

"பாஸாகற கேள்வியை மட்டும் நாமதான் கேட்டோம், அண்ணா. காத்து ஸ்பாரைப் பாத்துத் தூக்காது. முன்பக்கம்தான் தூக்கும்."

அவர் முகம் மாறியது. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. பின்வாங்கினால் அந்த மாலை இனிமையாக முடிந்திருக்கும். நான் பின்வாங்கவில்லை. சோதிக்காமல் பறப்பதானால் நான் பார்க்க வரமாட்டேன், வருகிற ஒவ்வொருவரிடமும் காரணத்தையும் சொல்வேன் என்றேன். அக்காதான் எழுந்து போய் ஓர் அரிசிப் பையைத் தூக்கி வந்தார். நழுவாமலிருக்க அதைக் கயிற்றால் முன்விளிம்போடு சேர்த்துக் கட்டினார்.

"வெய்யுங்க. இன்னைக்கு அரிசி கொட்டுனா கொட்டட்டும்."

ஒவ்வொன்றாகக் கட்டினோம். முதலில் ஏற்றிய எடையில் பாதிகூட ஏறவில்லை. முன்விளிம்பு மெல்லத் தரையை நோக்கி முறுக்கிக்கொண்டு இறங்கியது. இறக்கைக்குள் குறுக்காக ஓடும் ஒரு விலாச்சட்டம் முறியும் சத்தம், காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவதைப் போலக் கேட்டது.

அண்ணா குனிந்து அந்த முறிவை விரலால் தடவினார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த முட்டு எத்தனை நீளமுங்க அம்மிணி?" என்று கேட்டார் அண்ணா.

முட்டு வைத்து, அதே பைகளை அதே இடத்தில் கட்டி மறுபடி சோதித்தோம்; இந்த முறை தாங்கியது. கோடையில் அவர் பறந்தார், பாய்ந்தும் இறங்கினார். எல்லாரும் விமானத்தைப் பார்த்தார்கள். என் கண் அந்தச் சிறு முட்டின் மேலேயே இருந்தது. தரையில் நின்றதும் கேமராவோடு ஒருவர் வந்து, இந்த மாடலில் இந்த முட்டு கிடையாதே என்றார். அண்ணா தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டார். அது தனக்காக வைத்தது என்று அந்த மனிதரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.